பத்தடிப் புல்தரை, இருபது தொட்டி: செஞ்சி வெயிலில் காய்கறித் தோட்டம் தாக்குப்பிடிக்க என்ன வழி?

"பை வாங்கினேன், விதை போட்டேன், தை மாசம் வரைக்கும் நல்லாத்தான் காய்ச்சுது. சித்திரைல எல்லாமே கருகிப் போச்சு." வீட்டு வாசலில் தொட்டித் தோட்டம் போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே கைராசி இல்லை, விதை சரியில்லை என்று காரணம் தேடுவோம். ஆனால் செஞ்சி மாதிரி மலையும் பாறையும் சூழ்ந்த ஊரில், பெரும்பாலும் தப்பு நடப்பது வேறு இடத்தில். தண்ணீர்க் கணக்கைப் போடாமலேயே செடிக் கணக்கைப் போட்டுவிடுகிறோம்.

வீட்டு முன்னால் பத்துக்குப் பத்தடி புல்தரை இருக்கிறது. அதில் தொட்டி வைத்துக் காய்கறி வளர்க்க முடியுமா? முடியும். எத்தனை தொட்டி, என்ன செடி, எந்த மாதம், எவ்வளவு தண்ணீர் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோட்டையிலிருந்து ஒரு பாடம்

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மிச்சம் ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. சத்ரபதி சிவாஜி 1677-ல் இதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கோட்டை பிடிபடவில்லை.

மதில் பெரிதாக இருந்தால் மட்டும் இது நடக்காது. உள்ளே தானியக் களஞ்சியங்கள் இருந்தன. ராஜகிரி மலை மேலேயே ஊற்றுத் தண்ணீர் இருந்தது. கீழே சக்கரகுளம், செட்டிகுளம் போன்ற நீர்நிலைகள் இருந்தன. கல்யாண மகாலின் மேல் அடுக்குகளுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் போனது. பாறை மேல் குடியிருக்க வேண்டும் என்றால், முதல் வேலை தண்ணீரைச் சேர்த்துவைப்பதுதான் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொட்டிச் செடியும் அப்படித்தான், நாலா பக்கமும் முற்றுகையிடப்பட்ட மாதிரி. தரையில் நிற்கும் செடி தண்ணீர் தேடி வேரை ஆழத்துக்கு அனுப்பும். தொட்டியில் இருப்பதற்கு அந்த வழி இல்லை. நீங்கள் ஊற்றியதுதான் அதற்கு ஆதாரம்.

தரையிலேயே நட்டால் என்ன?

மண் நன்றாக இருந்தால், தாராளமாகத் தரையிலேயே நடுங்கள். தொட்டி வாங்கும் செலவே வேண்டாம். மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் வெட்டிப் பாருங்கள். கறுப்பாகவோ சிவப்பாகவோ பொலபொலவென்று மண் வந்தால் உங்களுக்குத் தொட்டி தேவையில்லை.

ஆனால் புதிய மனைப் பிரிவு வீடுகளில் நிலைமை வேறு. மனையை உயர்த்தக் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டியிருப்பார்கள். அதன் மேல் நாலு அங்குலம் மண் போட்டுப் புல் பதித்திருப்பார்கள். மலையடிவார வீடுகளில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். இப்படிப்பட்ட இடங்களில்தான் தொட்டி கைகொடுக்கும்.

மொட்டை மாடியோடு ஒப்பிட்டால் புல்தரையில் சில வசதிகள் உண்டு. தளம் ஒழுகுமோ, எடை தாங்குமோ என்ற பயம் இல்லை. சிமென்ட் தளம் அளவுக்குப் புல்தரை கொதிக்காது. வடியும் தண்ணீரும் வீணாகாமல் மண்ணுக்குள் போகும்.

தொந்தரவும் உண்டு. பையை நேராகப் புல் மேல் வைத்தால், ஓட்டை வழியாக அருகம்புல் உள்ளே ஏறிவிடும். கரையானும் ஏறும். அடியில் இருக்கும் புல் வெளிறிச் செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். காற்றும் போகும், தண்ணீரும் வடியும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

எந்தச் செடிக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

சின்னத் தொட்டி அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வெயில் காலத்தில் முதலில் சாவது அதில் இருக்கும் செடிதான். மண் குறைவாக இருந்தால் அது பிடித்துவைக்கும் தண்ணீரும் குறைவு. காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காலியாகிவிடும்.

அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்கு ஆழம் அரை அடி போதும், அகலம்தான் முக்கியம். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டைக்கு ஓர் அடி ஆழமும் 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவும் வேண்டும். காலியான 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டைச் சுத்தமாகக் கழுவினால் ஒரு கத்தரிச் செடிக்குச் சரியாக இருக்கும். புடலை, பாகல், பீர்க்கன் போன்ற கொடிகளுக்கு 30 லிட்டருக்குக் குறையக் கூடாது. முருங்கையைத் தொட்டியில் வைத்துக் கஷ்டப்படுத்தாதீர்கள். வேலியோரம் ஒரு குழி கிடைத்தால் அங்கே ஊன்றிவிடுங்கள்.

பக்கெட்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் விரல் நுழையும் அளவில் நாலைந்து ஓட்டை போட வேண்டும். கறுப்புத் தொட்டி வெயிலை வாங்கி வேரை வேகவைத்துவிடும். அதற்கு வெளியே சுண்ணாம்பு அடிக்கலாம், பழைய சணல் சாக்கைச் சுற்றலாம். பூச்சிமருந்து, ரசாயனம் வந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் சாக்கும் வேண்டாம். சில மாத வெயிலிலேயே நூல் நூலாக உதிர்ந்து புல்தரை முழுக்க பிளாஸ்டிக் ஆகிவிடும்.

மண் கலவை எப்படி?

வெறும் மண்ணைக் கொட்டினால் ஒரு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. இதுதான் எளிய அளவு. தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் கரையான் தொல்லை குறையும்.

தென்னைநார்க் கட்டியை அப்படியே போடாதீர்கள். ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். தொழுவுரமும் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் மக்கும்போது உண்டாகும் சூடு வேரைச் சுட்டுவிடும்.

மேலே மூடாக்கு போட நம்ம பக்கம் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. நெல்லும் மல்லாட்டையும் விளையும் ஊர் இது. அறுவடை முடிந்தால் வைக்கோலும் மல்லாட்டைத் தோலும் கிடைக்கும். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் வெயில் நேராக மண்ணில் படாது, ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் போடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும்.

உரத்துக்கும் வெளியே போக வேண்டாம். ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். நாற்றம் வரும், அதனால் மாலை நேரத்தில் ஊற்றுங்கள்.

முக்கியமான கணக்கு: எத்தனை குடம்?

காய்க்கும் நிலையில் இருக்கும் ஒரு கத்தரிச் செடிக்கு, சாதாரண நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் இது இரண்டரை லிட்டர் வரை போகும். இருபது தொட்டி என்றால் சாதாரண நாளில் 30 லிட்டர், அதாவது இரண்டு குடம். சித்திரையில் 50 லிட்டர், மூன்று குடத்துக்கும் மேல்.

ஆடியிலும் தையிலும் இரண்டு குடம் பெரிதாகத் தெரியாது. சித்திரையில் குழாய்த் தண்ணீருக்கே காத்திருக்கும் வீட்டில், செடிக்கு மட்டும் மூன்றரைக் குடம் எங்கிருந்து வரும்? அங்கேதான் தோட்டம் சாகிறது.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சித்திரை மாதத்தில் உங்கள் வீட்டில் செடிக்கு எத்தனை குடம் ஒதுக்க முடியும்? இரண்டு குடம்தான் என்றால் 30 லிட்டர். ஒரு தொட்டிக்கு இரண்டரை லிட்டர் வீதம் பன்னிரண்டு தொட்டி. இதுதான் உங்கள் வீட்டின் நிரந்தர எண்ணிக்கை. மழைக்காலத்தில் இருபது வரை போகலாம். மாசி முடிவதற்குள் பன்னிரண்டுக்கு இறக்கிவிட வேண்டும்.

குடத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்தாலே பல வீடுகளில் அரைக் குடம் தேறும். உப்புப் போட்ட தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் சேரக் கூடாது. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றாதீர்கள், அதில் உப்பு அதிகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் இதே பிரச்சினை வரும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். மழை வரும்போது நன்றாக நனையவிட்டால் உப்பு அடி வழியாக வடிந்துவிடும்.

மழைத் தண்ணீரைப் பிடிக்கவும் கணக்கு இருக்கிறது. 500 சதுர அடிக் கூரையில் 2 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். அதில் முக்கால்வாசியைப் பிடித்தாலும் பன்னிரண்டு தொட்டிக்கு இருபது நாளுக்கு மேல் காணும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டுக் குழாய் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க இது ஒரு நல்ல காரணம். பிடித்துவைக்கும் டிரம்முக்கு மூடி அவசியம், இல்லையென்றால் கொசு.

ஊற்றும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. காய்ந்துபோன தென்னைநார் உடனே தண்ணீரை உறிஞ்சாது. மடமடவென்று ஊற்றினால் ஓரம் வழியாக இறங்கி அடியில் கொட்டிவிடும். நாமும் 'அடியில வந்துடுச்சு, போதும்' என்று நினைப்போம். நடுவில் வேர் காய்ந்தே இருக்கும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டுமா? சுட்ட மண் கலயம் ஒன்றைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடிவிடுங்கள். மெருகு பூசாத கலயமாக இருக்க வேண்டும். மண் காயக் காய அது தண்ணீரைக் கசியவிடும். பானைப் பாசனம் என்று சொல்வது இதைத்தான்.

எந்த மாதத்தில் என்ன?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை. ஆடியில் வெண்டை, கொத்தவரை, செடி அவரை, பாகல், புடலை விதைக்கலாம். கத்தரி, மிளகாய் நாற்றுவிட்டு, முப்பது நாள் கழித்து எடுத்து நடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், மூன்று நாள் விடாமல் பெய்தாலே வடியாத தொட்டியில் வேர் அழுகிவிடும். மழைக்கு முன் எல்லா ஓட்டைகளையும் குச்சியால் குத்திப் பாருங்கள். செங்கல் மேல் தூக்கி வைத்ததன் பலன் அப்போது தெரியும்.

மார்கழி, தையில் தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, கீரை எல்லாம் நன்றாக வரும். தக்காளிக்கு இதுதான் தோதான காலம். பகல் வெப்பம் 35 டிகிரி தாண்டினால் தக்காளிப் பூ உதிர ஆரம்பிக்கும். பங்குனியில் நட்டுவிட்டு, "பூக்குது, காய்க்க மாட்டேங்குது" என்று வருத்தப்படுவதில் பிரயோசனம் இல்லை.

சித்திரை, வைகாசியில் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம். கறிவேப்பிலை, பசலை, பொன்னாங்கண்ணி, மிளகாய், மூத்த கத்தரிச் செடி இவற்றை மட்டும் காப்பாற்றினால் போதும். மதியத்துக்கு மேல் நிழல் விழும் சுவரோரம் நகர்த்துங்கள். பச்சை நிழல்வலை இல்லையென்றால் பழைய பருத்திப் புடவை ஒன்று கட்டினாலும் வேலை நடக்கும். கருங்கல் சுவர், சிமென்ட் தளம் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பகலில் வாங்கிய சூட்டை அவை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டிருக்கும்.

குரங்கு, பூச்சி, ஆடு

கோட்டைக்குப் போய்வந்த எல்லோருக்கும் குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவார வீடுகளில் தக்காளி பழுக்கும் வரை காத்திருந்தால் அது உங்களுக்குக் கிடைக்காது. நிறம் மாறும்போதே பறித்து உள்ளே வைத்தால் தானாகப் பழுக்கும். மிளகாய், பாகல், கீரைக்குக் குரங்கால் வரும் சேதம் பொதுவாகக் குறைவு. வாசலில் நுழையும் ஆட்டுக்கு வேலிதான் மருந்து.

அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மற்றது தப்பிக்கும்.

காசு மிச்சமாகுமா?

இதில் ஒளிவுமறைவு வேண்டாம். ஓர் ஆள் ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பேர் வீட்டுக்கு நாளுக்கு 1.6 கிலோ, மாதம் 48 கிலோ. இருபது தொட்டி இதைத் தராது. சந்தைக்குப் போவது நிற்காது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்தச் சமயத்தில் தொட்டியில் தக்காளி வைக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கும். ஆனால் நன்றாகப் பராமரித்த ஒரு தொட்டிச் செடி அதன் ஆயுளில் ஒன்றரை, இரண்டு கிலோ தந்தால் பெரிய விஷயம். அதையும் மூன்று மாதம் காத்திருந்துதான் பறிக்க வேண்டும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைப்படுவது, வாங்கினால் பாதி வாடி வீணாவது எது? கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், கீரை. ஐந்து தொட்டியை இவற்றுக்கு ஒதுக்கினாலே கடைக்கு ஓடும் வேலை பாதி குறையும். கீரை விதைத்து 25 நாளில் கைக்கு வந்துவிடும். அரைக்கீரையை மறுபடி மறுபடி கிள்ளலாம்.

நெருக்கடி வந்தால் இந்தச் சின்ன இடத்துக்கு மதிப்பு கூடும். 2022-ல் பொருளாதாரம் சரிந்தபோது, இலங்கை அரசு வீட்டில் பயிர் செய்வதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. ஆனால் செடி ஒரே வாரத்தில் சாப்பாடு போடாது. பழகிய கைக்குத்தான் அவசரத்தில் காய் கிடைக்கும்.

அரசு உதவி என்ன?

தோட்டக்கலைத் துறை 2021-22-ல் 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' தொடங்கியபோது, 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தொகுப்பை 225 ரூபாய்க்குக் கொடுத்தது. ஆறு பை, ஆறு வகை விதை, தென்னைநார்க் கட்டி, உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. கிராமப்புற வீடுகளுக்கு 12 வகைக் காய்கறி விதைத் தளை 15 ரூபாய்க்குக் கிடைத்தது. 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கப்பட்டு, அதிலும் காய்கறி விதைத் தொகுப்பு வழங்கப்பட்டது.

திட்டமும் மானியமும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை நகல் எடுத்துப் போவது நல்லது. விதை தனியாக வாங்குவதாக இருந்தால், கடலூர் மாவட்டம் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 கத்தரி, பெரியகுளத்தின் பி.கே.எம். 1 தக்காளி போன்ற ரகங்களைக் கேட்கலாம். இவை வீரிய ஒட்டு ரகங்கள் இல்லை. நல்ல காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து, அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நாளில் இருபது தொட்டி வாங்காதீர்கள். ஆடியில் ஐந்து தொட்டி: ஒரு கறிவேப்பிலை, ஒரு மிளகாய், இரண்டு கத்தரி, ஒரு கீரை. தினமும் எத்தனை குவளை ஊற்றுகிறீர்கள் என்று காலண்டரில் குறித்துவையுங்கள். கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் அந்த ஐந்தும் தாண்டட்டும். அடுத்த ஆடி வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை செடி தாங்கும் என்பது காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது பத்தாக்கலாம்.